மூன்றாம் இலை

மார்கழி பதினொன்று.
முற்றம் முழுக்கக் கபில நிறத் தண்ணி.
இதற்குள் விதை போட்டால் முளைக்க முதல் அழுகும்,
அழுகாததை எலி கிளறும்.
ஆகவே வீட்டுக்குள்.

பதினாறு யோகட் கோப்பைகள்.
நெடுங்கேணிச் சந்திக் கடையில் வாங்கி
மாதம் முழுக்க நான் தின்று சேர்த்தவை.
விதைக்காகத் தின்றாயா,
தின்றதை மறைக்க விதைக்கிறாயா
என்று கேட்கிறான் நிமலதாசன்.

சுட்ட ஆணியால் அடியில் மூன்று துளை.
பாதி மணல், பாதி மாட்டெரு, ஒரு பிடி உமிக்கரி.
விதையின் கூர்ப்பக்கம் கீழே நிற்க வேண்டும், நான் சொன்னேன்.
படுக்கவைத்தால் போதும், அவன் சொன்னான்.
எட்டை நிறுத்தினோம், எட்டைப் படுக்கவைத்தோம்.
அன்றைய சண்டை அதோடு சரி.

முளைக்குச் சூடு வேண்டும்.
குளிரைச் செய்கிற பெட்டியின் உச்சிதான்
எங்கள் வீட்டில் சூடான இடம்.
பிரிட்ஜின் மேல் நான்கு வரிசை,
மேலே ஈரச் சாக்கு.

ஐந்தாம் நாள் ஒன்று,
விதைக்கோதைத் தொப்பியாய்ப் போட்டபடி.
ஆறாம் நாள் ஒன்பது.
நின்றவை ஆறு, படுத்தவை நாலு.
அவன் திரும்ப எண்ணினான்.
பிறகு பேசாமல்
எல்லாவற்றையும் யன்னல் கட்டுக்கு மாற்றினான்.

முதலில் வருகிற இரண்டும் இலை இல்லை,
பயணத்துக்கு விதை கட்டிக்கொடுத்த சோறு.
மூன்றாவதாய் ஒன்று வரும், ஓரம் சொரசொரத்து.
அதுதான் இலை. அது விரிந்தால் வெளியே.
முந்தினால் நத்தைக்குப் போகும்.
பிந்தினால் வேர் கோப்பையைச் சுற்றித்
தன்னைத் தானே கட்டும்.
பூசணி வேர் ரோசக்காரி,
ஒருக்கால் குழப்பினால்
ஒரு கிழமை முகம் தராது.

மூன்றாம் இலை வந்தது.
மழை விடவில்லை.
நாளை மறுநாள் வெயில் என்றது போன்.
நாளை மறுநாளும் அதையே சொன்னது.

நாலாம் இலை.
தண்டு வெளிச்சத்துக்கு இழுபட்டு
வெளிறி, கழுத்து நீண்டு.
ஒரு விடியலில் பார்த்தால்
கொடிச்சுருள் ஒன்று என் சார்ஜர் வயரைப் பிடித்திருந்தது,
ஒன்றரைச் சுற்று.
கழற்ற மனம் வரவில்லை.
அன்றிலிருந்து இரண்டு போனுக்கும் அவனுடைய சார்ஜர்.

பொங்கலன்று பால் பொங்க, வானம் வெளித்தது.
உடனே நடக்கூடாது.
முருங்கை நிழலில் ஒரு மணித்தியாலம்,
அடுத்த நாள் மூன்று,
முன்பள்ளிக்குப் பழக்குகிற மாதிரி.
மூன்றாம் நாள் நான் தேத்தண்ணி ஊற்றப் போன நேரம்
மயில் இரண்டைத் தின்றது.

நாலாம் நாள் பின்னேரம் குழி வெட்டினோம்,
ஆறடிக்கு ஒன்று.
மூன்றாவது குழியில் மண்வெட்டி 'ணங்' என்றது.
இந்த மண்ணில் அந்தச் சத்தத்துக்கு
யாரும் யாரையும் கேட்பதில்லை.
இருவரும் வந்த காலடியிலேயே பின்னால் போய்
வேலியோரம் நின்றோம்.
அங்கிருந்தே தெரிந்தது:
வெட்டிய மண் சரிந்து, வளைந்த கழுத்து,
பூப்போல் விரிந்த பல்.
தேங்காய் துருவுகிற அலகு.

காணியை நாங்கள் வாங்கி ஒன்பது வருடம்.
இதில் ஒரு குசினி இருந்ததென்று
எந்த உறுதியிலும் எழுதியிருக்கவில்லை.
கழுவி வேலிக்கட்டையில் கொழுவினான்.
யாரும் கேட்டு வரலாம்.
அந்தக் குழியில்தான் கூட எரு போட்டேன்.

இருட்ட முதல் ஏழு நட்டாயிற்று.
எட்டாவது யன்னலிலேயே நின்றது, வயரோடு.
வயரை வெட்டுவதா கொடியை வெட்டுவதா
என்று நான் நிற்க,
அது எப்படியும் பழுதான வயர் என்றான்.

பழுதில்லை. இருவருக்கும் தெரியும்.

வெட்டிய துண்டோடேயே
எட்டாவதையும் ரோச் வெளிச்சத்தில் இறக்கினான்,
மண் உடையாமல், கோப்பையைக் கிழித்து.
எது படுத்த விதை, எது நின்ற விதை,
இப்போது அடையாளமில்லை.
நான் நின்றது என்றேன்.