ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்

'நீங்கள் கடந்து வந்த ஒரு துயரம்.
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.'
நாகமலை புதுக்கோட்டை பிரவுசிங் சென்டரில்
மணிக்கு முப்பது ரூபாய்.

நானூற்று அறுபத்திரண்டாம் சொல்லில்
படுத்துவிட்டது கட்டுரை.
தவசி அண்ணன் எட்டிப் பார்த்தார்:
"அப்பா குடிப்பாருன்னு ஒரு வரி போடும்மா.
போன வருசம் செக்கானூரணிப் பையனுக்கு
அதுலதான் கெடச்சுச்சு."

போட்டேன்.
திரையில் அப்பா தள்ளாடினார்.

காளவாசலில் விடிய விடிய புரோட்டா வீசிவிட்டு
இந்நேரம் வீட்டில்
ஃபேன் காற்று விழும் இடமாகப் பார்த்து
வெறுந்தரையில் தூங்குகிறவர்.
டீயையே பாதி வைத்துவிடுவார்.

அப்புறம், 'கடந்து வந்த' என்கிறார்கள்.
எங்கே கடந்தேன்?
உள்ளே இருந்துகொண்டுதான்
ஒற்றை விரலால் தட்டுகிறேன்.

அழிக்கும் விசை
பின்னாலிருந்துதான் தின்னும்.
'குடிப்பார்' போனது.
'என் அப்பா' மட்டும் நின்றது.
அங்கேயே விரலை எடுத்துவிட்டேன்.

பக்கத்தில் ஒரு கோடு
தெரிந்து தெரிந்து மறைகிறது.
இன்னும் முப்பத்தாறு சொல்லுக்கு இடமிருக்கிறது.
தவசி அண்ணன்
கடிகாரத்தைப் பார்க்கிறார்,
என்னைப் பார்க்கிறார்,
ஒன்றும் சொல்லாமல்
பிரிண்டரில் தாள் அடுக்கப் போகிறார்.

'என் அப்பா
தூங்கும்போதும்
கை
மாவு பிசையும்' என்று
தொடங்குகிறேன்.