முன் சீட்டு

பள்ளிக்கூட வேன் இது. கண்ணாடியில்
ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒட்டிய பூனைக்குட்டிகள்.
வியாழக்கிழமைகளில் பிள்ளைகளை இறக்கிவிட்டு
பழைய டிவிஷனுக்குத் திரும்புவேன்.
ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து தெலுக் இந்தான் ஆஸ்பத்திரி,
போகவர ஆளுக்கு எட்டு வெள்ளி.
காலை பஸ் நின்று மூன்று வருஷம்.

அன்று ஒன்பது பேர்.
உதிரிப்பழம் பொறுக்கும் கமலநாயகி,
உரம் போடும் பிலோமினா,
மருந்தடிக்கும் கூட்டத்தில் மூவர்.
கழுவியும் போகாத அந்த வாடை
ஏ.சி.யைப் போட்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.
எல்லாருக்கும் ஒரு நாள் சம்பளம் போனது.
தண்டலிடம் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள்.
மார்பு என்ற சொல்லைப்
பெரட்டுக் களத்தில் எப்படிச் சொல்வது?

வேனிலும் யாரும் சொல்லவில்லை.
"அது" என்றார்கள். "அந்த இடம்" என்றார்கள்.
பாலம் தாண்டும்போது புவனமாலை கேட்டாள்:
"மிஷினு நசுக்குமாமே?"
"நசுக்கட்டும். பதினாறு வயசிலேர்ந்து
என்னை நசுக்காதது எது?" என்றாள் செங்கமலம்.
வேன் குலுங்கச் சிரித்ததில்
நான் வளைவைத் தவறவிட்டேன்.

கவுன்டரில் பாரம்.
பிலோமினாவின் ஐ.சி. சிவப்பு, அதற்கு வேறு கட்டணம்.
கரிபாப் வாங்க வைத்திருந்த சில்லறையையும் சேர்த்து
மேசையில் கொட்டி எண்ணினோம்.
அப்புறம் கைப்பேசி எண் என்று ஒரு கட்டம்.
புருஷன் கையில இருக்கு.
மகன் கொண்டு போயிட்டான்.
லயத்துல லைன் கிடைக்காது.
ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக
என் பக்கம் திரும்பினார்கள்.
ஒன்பது பாரத்திலும் என் எண்.

நர்ஸ் சுரயா நிமிர்ந்து பார்த்தாள்.
"காக், உங்க பாரம்?"
ஒன்றரைக்குப் பிள்ளைகள் நிற்பார்கள் என்றேன்.
உண்மைதான்.
உண்மைதான் எவ்வளவு வசதி.
பெட்ரோல் ரசீதை வாங்கிப் பின்பக்கத்தில்
ஒரு தேதி எழுதிக் கொடுத்தாள்.
வெயில்தடுப்பில் செருகினேன்.

அதன் பிறகு கைப்பேசி என்னுடையதாக இல்லை.
செம்பனை லாரிக்குப் பின்னால் ஊரும்போது,
பிள்ளைகள் வாய்ப்பாடு கத்தும்போது,
டிங் என்றால் அடிவயிறு இறங்கும்.
முதலில் வந்தது ரிலோட் தள்ளுபடி.
பிறகு ஒவ்வொன்றாய் நார்மல். நார்மல்.
லயத்து முனையில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன்,
அதுதான் குறி.
வாளியோடு நிற்கிறவள்
தலையாட்டிவிட்டு உள்ளே போவாள்.
எட்டு பேருக்கு அப்படி.

நேற்று எடைமேடைக்குப் பக்கத்தில் வந்தது ஒன்பதாவது.
மலாயில் ஒரே வரி: மீண்டும் வரவும்.
பெயர் செங்கமலம்.
வரச்சொன்னால் நோய் என்று இல்லை,
படம் தெளியாவிட்டாலும் கூப்பிடுவார்களாம்.
நர்ஸ் சொன்ன அதையே
எனக்கு மூன்று முறை சொல்லிக்கொண்டேன்.

லயத்து முனை. கை ஹாரன்மேல் கிடந்தது.
இரண்டு தடவை என்றால் நல்லது.
ஒரு தடவைக்கு நாங்கள்
அர்த்தம் வைத்திருக்கவில்லை.

இறங்கி நடந்தேன்.
பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள்.
நான் நடந்து வருவதே அவளுக்குப் போதுமாயிருந்தது.
"நாளைக்கா?"
"நாளைக்கு. காசு வேணாம்."
மற்ற பூட்ஸையும் கவிழ்த்தாள். ஒரு தவளைக்குஞ்சு விழுந்தது.
"இந்தத் தடவை தண்டல்கிட்ட
உள்ளதையே சொல்லிடறேன்."

முன் சீட்டு, வாந்தியெடுக்கும் யோகித்துக்கு என்று
ஜனவரியிலேயே பேசிவைத்தது.
நாளைக்குப் பின்னால் உட்காரு,
ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு அத்தை முன்னால வர்றாங்க,
பிளாஸ்டிக் பை தருகிறேன் என்றேன்.
ஏன் என்றான்.
வெயில் கண்ணில் அடித்தது. தடுப்பை இறக்கினேன்.
ரசீது மடியில் விழுந்தது.
பெட்ரோல் கணக்கு முழுக்க மங்கியிருந்தது.
பேனா எழுத்து மங்கவில்லை.
தேதி, போன வாரம்.