மடைக்காரி

மதிலுக்கு முன்னே உப்பு இருந்தது.
ஒர்லாவா மலையடியில் மண்ணைக் கீறினால்
வெள்ளை வெள்ளையாய்ப் பல் காட்டும்.
உப்பைக் காக்க வேலி,
வேலியைக் காக்கச் சுவர்,
சுவரைக் காக்க மதில்.
முட்டை வெண்கருவில் சுண்ணாம்பு குழைத்து
கல்லின்மேல் கல்லாய் எழுபது ஆண்டு.
தோல் பதனிடுவோருக்கு ஒரு கோபுரம்,
கயிறு திரிப்போருக்கு ஒன்று,
ரொட்டிக்காரர்கள் கட்டியது கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

மடை என்னுடையது.
ஆற்றை அகழிக்குத் திருப்பும் ஓக் பலகை,
இரும்புச் சக்கரம்,
ஆண்டுக்கு எட்டு வெள்ளி,
மதிலுக்கு வெளியே மேட்டில் ஓர் அறை.
தலை எண்ணும்போது
என்னை எண்ண மறப்பார்கள்.

பெரும்படை வந்த மார்கழியில்
அகழி கல்லாய் உறைந்தது.
பனிமேல் ஏணி சாத்தினான் பகைவன்.
எலியும் தீர்ந்த இரவில்
கணவாய்க்கு அப்பாலிருந்து தூது வந்தது:
பொன் வேண்டாம்,
ஒரு சொல் போதும்.
நகரத் தலைவன் டுடோஸியே
திட்டிவாசலைத் திறந்து மும்முறை சொன்னான்,
"உள்ளே வாருங்கள்."

விடிந்து பார்த்தால்
பகைவர் பனியில் கிடந்தார்கள்,
உப்புக்கட்டிகள் போல.
ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை, எங்கும்.
மணி அடித்தோம். ஆடினோம்.
நானும் ஆடினேன்.

குளிர் போயிற்று. விருந்தினர் போகவில்லை.
அகழி நாறுகிறது, அடை என்று ஆணை.
அடைத்தேன். பன்னிரண்டு வெள்ளி தந்தார்கள்.
சேற்றில் முட்டைக்கோஸ் நட்டார்கள்.

வெட்டியான் பர்வு வந்து
என் வாசற்படியில் உட்கார்ந்தான்:
"ஏழு மாதமாய் மண்வெட்டி துருப்பிடிக்கிறது, வொய்கா."
சாவில்லாத ஊர் என்று
சந்தைதோறும் பேச்சு.
வண்டி வண்டியாய்க் குடியேறினார்கள்,
வாடகை மும்மடங்கு.
கண்ணாடி விற்றவன் கடையை மூடினான்.
விடியல் மணியின் நாவுக்குக்
கம்பளி சுற்றினார்கள்.
கிழக்குச் சன்னல்களில் செங்கல்.
அறுப்பாரின்றி முட்டைக்கோஸ் வெடித்தது.
முதலில் நாய்கள் வெளியேறின,
ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

உப்புத் தின்றவன்
தண்ணீர் குடிக்க வேண்டும்.
இவர்கள் குடித்தது வேறு.

கயிற்றுக் கோபுரக் காவலுக்குப் போன நெயகு
ஒருநாள் நள்ளிரவில் கதவைத் தட்டினான்.
"குளிருது வொய்கா, உள்ளே கூப்பிடு."
பதினொரு வருட வாழ்க்கையில்
அவன் என்னிடம் அனுமதி கேட்டதே இல்லை.
சேற்றுக் காலோடு வருவான்,
ஏசுவேன், சிரிப்பான்.
அதனால்தான் தெரிந்துவிட்டது.

கதவின் இந்தப் பக்கம் நெற்றி சாய்த்து
ஆடு குட்டி போட்டதைச் சொன்னேன்.
கூரை ஒழுகுவதைச் சொன்னேன்.
வா என்று மட்டும் சொல்லவில்லை.
கோழி கூவுமுன் போய்விட்டான்.
படியில் அவன் தடம்,
சேறே இல்லாமல்.

உச்சி வெயிலில் சக்கரத்தைப் பிடித்தேன்.
அசையவில்லை.
ஆட்டுக் கொழுப்பை உருக்கி ஊற்றினேன்.
பர்வு மண்வெட்டிக் காம்பைச் செருகி நெம்பினான்.
அலறிக்கொண்டு திரும்பியது.
ஆறு சுற்றி வளைத்தது,
முட்டைக்கோஸ் தலைகளை உருட்டிக்கொண்டு.

ஓடும் நீரை அவர்களால் தாண்ட முடியாது.
வராதே என்று எழுபது ஆண்டு கட்டியது
போகாதே என்று நிற்கிறது.
உள்ளே இரத்தமுள்ளது எதுவும் மிச்சமில்லை.
பசி மட்டும், சாகத் தெரியாத பசி.
இரவெல்லாம் மதில்மேல் வரிசையாய் நின்று
என் பேர் சொல்கிறார்கள்,
எண்ண மறந்தவர்கள்.

குளிர்காலம்தான் கடினம்.
அந்தக் கோடியிலிருந்து பர்வு,
இந்தக் கோடியிலிருந்து நான்,
கோடாலியால் பனியை உடைத்துக்கொண்டே இருப்போம்.
போன ஐப்பசியில் பர்வு இருமி இருமிச் செத்தான்.
கண் மூடி, உடல் விறைத்து, முறையாக.
எத்தனை காலத்துக்குப் பின் ஒரு சாவு!
குழி தோண்டியபோது அழுதேன்,
பாதி பொறாமையில்.

இன்று ஓரத்தில் பனி பிடித்திருக்கிறது,
முட்டை ஓட்டின் கனம்.
கயிற்றுக் கோபுரத்தில் நெயகு நிற்கிறான்.
இன்று கூப்பிடவில்லை.
நீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
நானும் பார்க்கிறேன்.

கோடாலிக்குக் காம்பு மாற்ற வேண்டும்.