புறமுதுகு

மூன்று மாதம் பட்டியலிட்டுக் கட்டிய மருந்துப்பை
பிஷ்கெக் விடுதி அலமாரியில் பத்திரமாக இருந்தது.
முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நாரினில் நான்,
பத்திரமில்லாமல்.

கண்ணாடிபோல் தெளிந்திருந்ததால் நம்பினேன் அந்த ஓடையை.
கொதிக்காத நீரைக் குடிக்காதீர் என்று
அலுவலகத்தில் எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுத்தவள்
குனிந்து கைநிறைய அள்ளினேன்.
மேலே ஆடுகள் நின்றதை
இரவு இரண்டு மணிக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

மருந்துக்கடையில் எனக்கு முன்னால் ஆறு பேர்.
முறை வந்ததும் வயிற்றைத் தொட்டு முகத்தைச் சுளித்தேன்.
கர்ப்பப் பரிசோதனை அட்டையை எடுத்து நீட்டினார் அனார்கான்,
வெள்ளைக் கோட்டு, ஒரு தங்கப் பல்.
நாற்பத்தாறு வயதில் அதற்குச் சிரிக்க
எனக்குத் தெம்பில்லை.
விரல்களைத் தொப்புளிலிருந்து கீழே
அருவிபோல் இறக்கிக் காட்டினேன்.
கடை மொத்தமும் புரிந்துகொண்டது.
"இச் ஒத்கோக்!" என்றார் கண்மருந்து வாங்க வந்தவர்,
விடுகதையை அவிழ்த்த பெருமையோடு.
இச் என்றால் வயிறு. மற்றது, போவது.
வயிறு போகிறது என்றுதான்
அவர்களும் சொல்கிறார்கள்.
ஊர் சுற்றக் கிளம்பியவள் நான்,
போய்க்கொண்டிருந்தது அது.

வெள்ளைத்தூள் பொட்டலம் பத்து.
உறைமேல் சூரியனும் நிலாவும் வரைந்து
எப்போது எத்தனை என்று கோடு போட்டுத் தந்தார் அனார்கான்.
வெளியே ஒரு சிறுமி ஓடிவந்து
காய்ந்த ரொட்டியைக் கையில் திணித்தாள்.
யார் அனுப்பியது என்று கேட்குமுன் காணோம்.

மறுநாள் மினிபஸ்ஸில் ஏறினால்
ஓட்டுநர் இருக்கையில் அதே சிவந்த கண்.
மைராம்பெக் என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார்.
பிறகு பின்னால் திரும்பி ஏதோ சொன்னார்,
பதினைந்து பேரும் என் வயிற்றைப் பார்த்தார்கள்.
மானமும் போனது. போகட்டும்.

தொலோன் கணவாய் ஏறும்போது பனி.
அவர் தோளைத் தட்டினேன்.
வண்டி நின்ற இடத்தில்
ஒதுங்க மரமில்லை, புதரில்லை, ஒரு பாறைகூட இல்லை.
துடைத்துவைத்த மேசைபோல மலைவெளி.

நான் தயங்கி நின்றேன்.
அவர்கள் இறங்கினார்கள்,
பதினைந்து பேரும், குழந்தையைத் தூக்கிக்கொண்டும்.
யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
சாலையோரம் வரிசையாக நின்று
எனக்கு முதுகைத் திருப்பி
பிறந்ததிலிருந்து பார்த்த மலையை
அன்றுதான் பார்ப்பவர்கள்போலப் பார்த்தார்கள்.
சிகரெட் புகை. யாரோ இருமினார்கள்.
இரண்டு பெண்கள் மட்டும் கூடவே வந்து
பூப்போட்ட சால்வையைக் காற்றோடு இழுத்துப் பிடித்தார்கள்,
தங்கள் முகத்தையும் அப்பால் திருப்பியபடி.

முதுகு காட்டியவரைப் பழிக்கும் மொழி என்னுடையது.
மார்பில் வாங்கிய புண்ணுக்குத்தான் அதில் பாட்டு,
முதுகில் பட்டால் பட்டினி கிடந்து செத்தார்கள்.
இத்தனை முதுகுகளை நான் எந்தத் திணையில் வைப்பேன்?
தோல் கோட்டு, கம்பளிக் கோட்டு,
பள்ளிப்பை தொங்கும் ஒன்று.
ஒரு தோளுக்கு மேலே
குழந்தை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது,
மிகுந்த அக்கறையோடு.

கோச்கோர் வருமுன் நான்கு முறை.
மூன்றாவதில் யாரோ ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள்.
என்னைப் பற்றித்தான்.
சால்வைக்குப் பின்னாலிருந்து நானும் சிரித்தேன்.

பிஷ்கெக் நிலையத்தில் பைகளை இறக்கி
ஆளுக்கொரு திசையில் போனார்கள்.
ரஹ்மத் என்றேன், மறுபடியும் முதுகுகளிடம்.
மைராம்பெக் மட்டும் நின்றார்.
சட்டைப்பையிலிருந்து சொட்டுமருந்தை எடுத்து நீட்டினார்.
தானே விட்டுக்கொண்டால் எங்கே விழுகிறதென்று
கன்னத்தில் விரலால் கோடிழுத்துக் காட்டினார்.
பொறுங்கள் என்று கைகாட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனேன்.
சோப்புப் போட்டு, இரண்டு முறை.
அவர் அண்ணாந்து நின்றார்.
இமையை விரித்துப் பிடித்து இரண்டு சொட்டு விட்டேன்.

ஒன்று கன்னத்தில்தான் விழுந்தது.