அடிப்படை ஆண்டு

மூன்றாம் கட்டம் எப்பவும் புள்ளிக்கோடுதான்.
முதலாவது தடித்த கறுப்பு:
கிளிநொச்சி, பரந்தன், முரசுமோட்டை.
இரண்டாவது சிவப்பு: தருமபுரம், விசுவமடு.
அதற்கங்கால்
உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல், கடல்
எல்லாம் 'நிதி கிடைக்கும் பட்சத்தில்'.
புள்ளிகளுக்கு நடுவில் எவ்வளவு வெளி விடுவது என்பதைக்
கணினியே தீர்மானித்தது.
நான் நிறத்தை மட்டும் தெரிந்தேன்.

அளவைக்குப் போன அன்று
முரசுமோட்டையில் ஒருத்தர்
மாட்டுக்கொட்டிலின் நடுத்தூணைத் தட்டிக் காட்டினார்.
தண்டவாளம்.
"பழைய லைன்ர துண்டு, தங்கச்சி.
பங்கருக்கு மேல கிடந்தது.
தேவையெண்டால் கழட்டித் தாறன்,
கடனில கழிச்சுக்கொள்ளுங்கோ."
நீளம் அளந்தேன். ஏன் என்று தெரியாது.
எட்டு அடி, ஒரு முனை வளைவு.

கச்சேரி மண்டபத்தில் குளிரூட்டி பழுது.
மீன்ரோல் பெட்டிகளில் எண்ணெய் ஊறி
வட்டம் வட்டமாய்
ஒரே இடைவெளியில் நிலையங்கள்.
ஹேமந்த சேர் திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார்:
கடன் இருபத்தைந்து வருசம்,
முதல் ஏழும் வட்டி மட்டும்,
பாலங்களுக்குப் புறம்பான தொகை.
கண்ணிவெடி அகற்றலுக்கு ஒரு நிரல்.
அதில் ஏற்கெனவே பூச்சியம் இருந்தது.
"அது முடிஞ்சுதுதானே?"
ஒருவரும் ஓம் என்கவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.

சம்மாட்டி யோக்கீம்பிள்ளை எழும்பினார்:
"இலகு ரெயில் எண்டால் எவ்வளவு இலகு?
ஐஸ் போட்ட பாரை மூண்டு பெட்டி
தாங்குமோ, தாங்காதோ?"
மண்டபம் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

ஆடைத் தொழிற்சாலையிலிருந்து வந்த துஷ்யந்தி
இருந்தபடியே கேட்டாள்:
"விடிய நாலரைக்கு உடையார்கட்டுச் சந்தியில
அறுபத்திரண்டு பிள்ளையள் பஸ்ஸுக்கு நிக்கினம்.
யானை வாற ரோட்டு.
உங்கட முதல் வண்டி ஆறே கால்.
ஆறே கால் ஆருக்கு?"
ஹேமந்த சேர் எழுதிக்கொண்டார்.
உண்மையாகவே எழுதினார்,
பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பிறகு பக்கம் பதினான்கு.
இந்தப் பாதையில் நாளொன்றுக்குப் பயணிப்போர்.
அடிப்படை ஆண்டு: வெற்றுக் கட்டம்.
அதை நிரப்பினால்தான் வளர்ச்சி வீதம் ஏறும்,
வீதம் ஏறினால்தான் வங்கி இறங்கும்.
கட்டம் வெறுமையாய்க் கிடந்ததால்
கீழிருந்த கூட்டல் முழுவதும்
பிழை, பிழை, பிழை என்றது.

"இந்த ரோட்டில ஆகக் கூடச் சனம்
போனது எந்த வருசம்?"

மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் வைத்துவிட்டுத்
தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.
காணிக் கிளை லிகிதர் வரதலட்சுமி
கண்ணாடியைக் கழற்றினா,
சேலைத் தலைப்பால் துடைத்தா,
திரும்பப் போடாமல் சொன்னா:
"ஒரே திசையிலதான் போனது, சேர்.
டிக்கெட் இல்லை.
ரிட்டேன் கணக்குச் சரிவராது."

ரிட்டேன்.
மொழிபெயர்ப்பாளருக்கு வேலை வைக்காத சொல்.
அவர் மற்றதையும் சொல்லவில்லை.
ஹேமந்த சேர் சுட்டியிலிருந்து கையை எடுத்து
மேசையில் வைத்தார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"போன வருசத்தைப் போடுவம்" என்றார்,
குரல் தாழ்த்தி, தமிழில்.
போட்டோம். வீதம் நாலு தசம் ஒன்று.
பிழைகள் எல்லாம் ஒரு நொடியில் எண்களாயின.

கார்த்திகையில் கடிதம் வந்தது.
கறுப்புக் கோட்டில் பாதிக்குச் சம்மதம்.
சிவப்பு, மீளாய்வுக்கு.
புள்ளிக்கோட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை,
நிராகரிக்கக்கூட இல்லை.

அன்று பின்னேரம் எல்லோரும் போன பிறகு
கோவையைத் திறந்து
கடைசி இணைப்பிலிருந்த நேர அட்டவணையில்
உடையார்கட்டு முதல் வண்டியை
நாலு இருபதுக்கு மாற்றினேன்.
அதற்குக் காசு தேவையில்லை.
வண்டிதான் இல்லை.