பதினோராவது வீடு

கீழக்கரையில் எங்கள் சந்துகளுக்குள் கார் நுழையாது.
ஓர் ஆடும் ஒரு சைக்கிளும்
ஒன்றையொன்று உரசிப் போகலாம், அவ்வளவுதான்.
ஜெட்டிப் பக்கம், உப்புக்காற்று முகத்தில் அடிக்கும் மூலையில்
காரை விட்டுவிட்டு
ஊசியும் குப்பியுமாக நடப்பது என் பிழைப்பு.
சுகர், உப்பு, கொழுப்பு.
விடிந்ததும் வெறும் வயிறு,
இரண்டு மணி நேரம் கழித்து
இடியாப்பம் தின்ற வயிறு.

போன வருசம்
பதினோராவது வீட்டு முற்றத்தில் நின்று
சாவிக்கொத்துப் பொத்தானை அழுத்தினால்
கூரைகளுக்கு அந்தப்பக்கம் ஒரு செருமல் கேட்கும்.
தையல்காரி மைமூனின் முழங்கையில் பஞ்சை அமுக்கி
குப்பியில் பேர் ஒட்டி
சலாம் சொல்லி நான் போய்ச் சேர்வதற்குள்
சீட்டு ஆறியிருக்கும்.
இரத்தத்துக்கு என்னைவிடக் குளிர்ச்சி வேண்டும்.

மாசியில் ஒன்பதாவது வீடு.
பங்குனியில் ஏழு.
கத்திரி பிறந்த வாரம்
திடீரென்று நாலு.

நான் யாரையெல்லாமோ சந்தேகப்பட்டேன்.
புதிதாக முளைத்த செல்போன் கோபுரத்தை.
விசைப்படகுகளின் வயர்லெஸ்ஸை.
'உச்சிப்புளியில நேவிக்காரன் ஏதோ திருகுறான்' என்றான்
மீன் வெட்டும் சேகு,
செதில் பறக்க.

எலெக்ட்ரீசியன் நெய்னா நோன்புக் களைப்பில்
போனிலேயே வைத்தியம் சொன்னான்:
'தாடையில வச்சு அழுத்துங்க லாத்தா,
மண்டைக்குள்ள இருக்குற தண்ணி
ஏரியல் மாதிரி வேலை செய்யும்.'
செய்தேன்.
நடுச்சந்தில், தாடையில் சாவி, வானத்தில் பார்வை.
ஐந்தாம் வீட்டுப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான்.
ஆனாலும் ஒரு வீடு கூடியது.

பெருநாள் கழிந்து அவனே வந்தான்.
ரிமோட்டைப் பிளந்தான்.
பொட்டு அளவு பேட்டரியின் முதுகில் 2032.
நான் அதைக் காலாவதி வருசம் என்று
மூன்று வருசமாக நம்பியிருந்தேன்.
அவன் சிரிக்கவில்லை, அது பெரிய மனசு.
பேட்டரி தொடும் தகட்டில் பச்சைக் களிம்பு.
என் பேனாப் பெட்டியில் இருந்த அழிரப்பரால் தேய்த்தான்,
புதுப் பொட்டை வைத்தான்.
ஏழாவது வீடு.

ஏழோடு நின்றது.

பிறகு அவன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது.
கருவியே எடுக்கவில்லை.
என்னைச் சந்துக்குள் அனுப்பிவிட்டு
கார்க் கதவைத் திறந்து வைத்தான்.
பத்தாவது வீட்டிலிருந்து அழுத்தினேன், உறுமியது.
மூடினான். மௌனம்.
திறந்தான். உறுமல்.
மூடினான்.
போனில் அவன் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம்.
'லாத்தா, கண்ணாடியில
இந்தக் காகிதம் எப்ப ஒட்டுனீங்க?'

கத்திரி பிறந்த வாரம்.
ராமநாதபுரம் கடையில், நாலாயிரம் கொடுத்து.
உள்ளே வெள்ளித்தூள் இருக்கிறது,
வந்த வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பும் என்றான்
ஒட்டியவன்.
'வெயில மட்டுமா அனுப்புது' என்றான் நெய்னா.

நடுக்கண்ணாடிக்குப் பின்னால்
ஏரியல் ஒட்டியிருக்கும் இடத்தில்
பிளேடால் தீப்பெட்டி அளவுக்குக் கீறி
உரித்தெடுத்தான்.
கூலி கேட்டதற்கு
'வாப்பாவுக்கு சுகர் பாத்துச் சொல்லுங்க' என்றான்.
இருநூற்றுப் பத்து. சொன்னேன்.
முகம் சுருங்கிப் போனான்.

மறுநாள் பதினோராவது வீடு.
அழுத்திவிட்டுக் காது கொடுத்தேன்.
தையல் மிதியில் காலை நிறுத்தி
மைமூனும் காது கொடுத்தாள்.
'ஆயிருச்சு' என்றாள், எனக்கு முன்பே.

இப்போது அந்த ஓட்டை வழியே
தீப்பெட்டி அளவு வெயில் வருகிறது.
ஏழரைக்கு என் இடது முழங்காலில்.
திரும்பி வடக்கே போகையில்
பக்கத்து சீட்டில், ஐஸ் பெட்டியின் மூடியில்.
அதன்மேல் ஒரு துண்டை
மடித்துப் போட்டிருக்கிறேன்.