எடுத்துக்காட்டு

உலான்பாத்தர், இரவுப் பணி, மைனஸ் முப்பத்தாறு.
கொதிகலன் அறையில் மட்டும்
முதுகோடு ஒட்டும் வியர்வை.
அழுத்தமானியின் கண்ணாடி விளிம்பில்
அன்றைய ஐந்து சொற்களைச் செருகி வைப்பேன்.
முள் நடுங்கினால் சொல்லும் நடுங்கும்.

யுபிக்விட்டஸ்: எங்கும் காணப்படுவது.
"பெருநகரங்களில் காபிக் கடைகள் யுபிக்விட்டஸ்."
இருக்கட்டும்.
இங்கே புகை.
தொட்டிலுக்குள் புகை, பாலேட்டில் புகை,
கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால்
கூப்பிடாமல் வந்து நிற்கும் புகை.

சூப்பர்ஃப்ளூயஸ்: தேவைக்கு மேற்பட்டது.
"நான்காவது போர்வை சூப்பர்ஃப்ளூயஸ்."
இதை எழுதியவர் ஜனவரியில் வந்து
ஓரிரவு எங்கள் வீட்டில் படுத்துப் பார்க்கட்டும்.

இந்தப் புத்தகத்து மனிதர்கள் எனக்குப் பழகிவிட்டார்கள்.
திருவாளர் ஹார்க்னெஸ் எந்நேரமும் எதையாவது மறுப்பார்.
அவர் மனைவி எண்பதாம் பக்கத்துத் தோட்ட விருந்தில்
யாரையோ புண்படுத்துகிறாள்.
நூற்றுப் பன்னிரண்டில்தான் மன்னிப்பு.
நடுவில் அத்தனை பக்கம்
எப்படித் தூங்கினாளோ.

சாம்பல் அள்ளும் தொல்கொர் கேட்டாள்:
நாற்பத்தெட்டு வயதில் எதற்கடி இதெல்லாம்,
யாரோடு பேசப்போகிறாய்?
ரெட்டிசென்ட் என்று மட்டும் சொன்னேன்.
திட்டுகிறேன் என்று நினைத்து
இரண்டு நாள் எனக்குத் தேநீர் ஊற்றவில்லை.

நேற்றைய சீட்டில் இன்னாமினேட்.
பொருள்: பெயரில்லாத.
"இடுப்பில் ஓர் இன்னாமினேட் எலும்பு உண்டு."

சிரித்துவிட்டேன்.
என் பெயர் நெர்குய்.
எங்கள் மொழியில் அதற்கும் அதே பொருள்:
பெயர் இல்லை.

எனக்கு முன்னால் மூன்று பேர்.
மூவருக்கும் பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தாளாம் அம்மா:
பாறை. எஃகு. நூறாண்டு.
நூறாண்டுதான் முதலில் போனது.
ஒருவரும் இரண்டாவது பனியைக் காணவில்லை.
நான்காவதாக நான்.
சாவு வந்து கதவைத் தட்டி
உள்ளே யார் என்று கேட்டால்
பெயர் இல்லை என்று சொல்லிவிடலாம்.
இன்னார் என்று தெரியாமல்
அது யாரைக் கூப்பிட்டுப் போகும்?

இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.
இத்தனை காலம் என்னைத் தூக்கி நடந்த எலும்பு,
என் பெயரிலேயே.

உங்கள் வாக்கியம் என்று போட்டு
பக்கத்தின் அடியில் இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள்.
இதுவரை அங்கே ஹார்க்னெஸ்ஸைத்தான் உட்காரவைத்திருந்தேன்,
அவர் கொஞ்சம் நகர்ந்துகொள்ளட்டும்.
எழுதினேன்:
இன்னாமினேட்டாக இருந்ததால்
அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

பிழை இருக்கலாம். திருத்த ஆளில்லை.
இரண்டாம் கொதிகலனில் முள் இறங்கத் தொடங்கியிருந்தது.
பேனாவைக் காதோரம் செருகிக்கொண்டு
வால்வைத் திறக்கப் போனேன்.